முக்கால் ராஜா எழுதச் சொன்ன சரித்திரம்

தேனிச் சந்தைக்கு வந்து போனவர்களிலேயே முக்கால் ராஜா அளவுக்குப் பொய் சொன்னவர் கிடையாது. அவர் பொய்யைக் கேட்ட மாதிரி யாருடைய நிஜத்தையும் நான் ஆசையாகக் கேட்டதும் கிடையாது.

யுத்தத்துக்கு முந்திய காலம். சந்தைக்குப் பக்கத்தில் என் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நான் உள்ளே அடுப்பும் அம்மியுமாக இருப்பேன். வெளி ஆளின் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. இப்போதும் அப்படித்தான்.

அவர் நாடக நடிகர். ராஜா வேஷத்துக்கு வேண்டிய வசனம், பாட்டு, ஒட்டு மீசை, மரக்கத்தி, ஜிகினாச் சட்டை எல்லாம் சொந்தமாக வைத்திருந்தார். கிரீடம் மட்டும் இல்லை. அதனால்தான் முக்கால் ராஜா. அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜா ஒரு ஊரிலிருந்து வருவார், ராணி இன்னொரு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வரவேண்டிய ராஜா வராமல் போனால்? அதற்காகத்தான் இவர் காத்திருந்தார். கூடலூரில் நாடகம், ஓடைப்பட்டியில் நாடகம் என்று காதில் விழுந்தால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். மழை பெய்தால் குடியானவர்களைவிட இவருக்குத்தான் சந்தோஷம், ராஜா வருகிற பஸ் சேற்றில் மாட்டாதா என்று. பெரும்பாலும் ராஜா வந்துவிடுவார். இவர் கையில் ஈட்டியைக் கொடுத்துக் காவல்காரனாக நிறுத்திவிடுவார்கள்.

ஒருதரம் ராஜாவுக்குக் கடுங்காய்ச்சல் என்று செய்தி வந்து விழுந்தடித்து ஓடினார். காய்ச்சல்கார ராஜா கம்பளியைப் போர்த்திக்கொண்டு முழு நாடகத்தையும் நடித்து முடித்தாராம். அந்த ஆளுக்கு உடம்பின் மேல் அக்கறையே இல்லை என்று இவர் இரண்டு நாள் வருத்தப்பட்டார்.

நாடகம் இல்லாத நாளில் எங்கள் கடைக்கு விறகு பிளந்து, தண்ணீர் சுமந்துவிட்டுச் சாப்பிடுவார். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஒரு நோட்டைக் கொண்டுவந்து அடுக்களை ஜன்னலில் வைத்தார். தன் சரித்திரத்தை எழுத வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டேன்.

"வருசநாட்டுல என் பொண்டாட்டி இருக்கா, ஆத்தா."

ராஜா வேஷம் கட்டாமல் வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர். ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சரித்திரத்தைக் கேட்டால் அவள் மனசு இளகித் திரும்பச் சேர்த்துக்கொள்வாள் என்று நம்பினார். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மசாலைக் கையோடு நான். கம்பத்தில் அவர் பாடியதைக் கேட்டு வண்டி மாடுகள் நகர மறுத்தன. போடியில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி தேம்பி அழுது தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அந்தக் கைக்குட்டை எங்கே என்று அண்ணன் கேட்டால், உத்தமபாளையத்தில் அழுத இன்னொரு துரைசானிக்குக் கொடுத்துவிட்டேன் என்பார்.

"இன்னைக்கு எத்தனை துரைசானி அழுதாகன்னு எழுதிட்டியா?" என்று அண்ணன் என்னைக் கேலி செய்வார்.

அத்தனையும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்லும்போது ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியாது. நான் பார்க்காத ஊர்களெல்லாம் அந்த ஜன்னலுக்கு வந்து போயின.

ஒரு மத்தியானம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார். கூடலூரில் ஒருதரம் நிஜமாகவே ராஜா வரவில்லை. இவருக்கு அரிதாரம் பூசி, கிரீடம் வைத்து, திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். திரைக் கயிற்றில் கை வைக்கிற நேரத்தில் ராஜா வந்து இறங்கிவிட்டார். கிரீடத்தை இவரே கழற்றிக் கொடுத்தாராம். அதற்கப்புறம் நாலு நாள் சோறில்லை. அரிதாரம் முழுசாகப் போகாத முகத்தோடு வருசநாடு வரைக்கும் நடந்திருக்கிறார்.

"அவ ஒரு நொண்டிக் கன்னுக்குட்டிக்குத் தவிட்டுத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தா. கூப்பிட வாய் வரல. திரும்பிட்டேன். இத எழுதாத, ஆத்தா."

சரி என்றேன். அவர் அன்றைக்கு என் பக்கம் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினார். அதனால் என் கை எழுதுவதை நிறுத்தாததைக் கவனிக்கவில்லை.

அவர் சொல்லியனுப்பியிருந்தபடி ஒரு சந்தை நாளில், வருசநாட்டிலிருந்து மாடு ஓட்டி வந்தவர்களோடு அந்த அம்மாள் வந்தாள். இடுப்பில் கூடை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். இவர் பட்டப்பகலில் ஜிகினாச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்து தெரியாது, நான்தான் படிக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று படித்தேன். சத்தமாக, சத்தமாக என்று அவர் கெஞ்சினார். கம்பத்து மாடுகளுக்கு அவள் தலை நிமிரவில்லை. கைக்குட்டை வந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ரொம்பச் சந்தோசம். இம்புட்டுச் சீரா இருக்கவுகளுக்கு நான் எதுக்கு?"

அவள் வாசலைத் தாண்டினால் அவ்வளவுதான் என்று எனக்கே தெரிந்தது. தாளைப் புரட்டிக் கூடலூர்ப் பக்கத்தைப் படித்தேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அது இல்லை, அது இல்லை என்று அவர் நோட்டைப் பிடுங்க வந்தார்.

அவள் நின்றாள். "நாலு நாள் பட்டினியா? பொய்யி. பட்டினி கெடந்தா வீட்டுக்கு வந்திருப்பாக. நான் கதவ அடைச்சா வச்சிருந்தேன்?"

துரைசானிகளை நம்பியவள் இதை நம்பவில்லை. நான் மேலே படித்தேன். நொண்டிக் கன்றும் தவிட்டுத் தண்ணீரும் வந்ததும் கூடை கீழே இறங்கியது.

"அந்தக் கன்னு பொறந்து பதினஞ்சு நாள்தான் உசுரோட இருந்துச்சு" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "அம்புட்டுக் கிட்டக்கயா வந்தீக?"

"வந்தேன்."

"ஒரு வார்த்த கூப்புடக் கூடாதா?"

அவள் சத்தமில்லாமல் அழுதாள். என்ன செய்வதென்று தெரியாத அண்ணன் இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

புறப்படும்போது அவர் ஜன்னலுக்கு வந்து, எழுதாதே என்று சொன்னேனே என்று கோபப்பட்டுப் பார்த்தார். கோபம் சரியாக வரவில்லை. அந்த அம்மாள் நோட்டை வாங்கிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, "அந்தத் துரைசானி கதையெல்லாம் வழியில சொல்லிட்டு வாங்க. மலைப்பாத, பொழுது போகணும்ல" என்றாள்.

அவர்கள் போவதைப் பார்க்கக் கடை வாசலுக்கு வந்து நின்றேன். சந்தைக் கூட்டத்துக்கு நடுவே அவர் கையை வீசி வீசி ஏதோ சொல்லிக்கொண்டு போனார், அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். எந்த ஊரில் என்ன நடந்ததாகச் சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று இன்றைக்கும் இருக்கிறது.