கருவாட்டுக்காக நான் வாதாடிய கூட்டம்

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனர், அண்ணன் முறையான சுகேந்து தாதாவுக்கு, கொல்கத்தாவிலிருந்து நிருபம் பாக்சி வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் தங்கை ஷெஃபாலி பெட்டியோடு சிலிகுரிக்கு உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாளே, அந்த வரியை எப்படி எழுதுவேன்? தயவுசெய்து என் தரப்பையும் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் பிமல் கோஷால், "ஒரு வீட்டுல நடக்கிறது அடுத்த வீட்டுக்குள்ள வந்தா அது அத்துமீறல். அதனால யாரும் கருவாடு சமைக்கக் கூடாது" என்றார். எல்லோரும் ஷெஃபாலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எதிராளி சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டு, அது எந்தக் கோமாளித்தனத்தில் போய் முடிகிறது என்று காட்டினால் அவர் வாதம் தானே விழுந்துவிடும் என்று கல்லூரியில் காலமெல்லாம் தர்க்கப் பாடம் நடத்தியவன் அல்லவா நான்? எழுந்தேன். "அப்போ உங்க பொண்ணு வாசிக்கிற ஆர்மோனியமும் எங்க வீட்டுக்குள்ள வருதே, அதையும் நிறுத்திடலாமா?" என்றேன். சிரிப்பார்கள் என்று காத்திருந்தால், மூன்றாம் மாடி தத்தா துள்ளியெழுந்து, "ரொம்ப நாளா சொல்ல நினைச்சேன் சார், நிறுத்துங்க!" என்கிறார். கைதட்டல்! பதறிப்போய், "சாயங்காலப் பூஜைக்கு வீட்டுக்கு வீடு ஊதுற சங்கு?" என்றேன். "அதுவும்தான்!" "கடுகெண்ணெய்த் தாளிப்பு?" "கண்ணு எரியுதுங்க, தடை பண்ணுங்க!" ஆத்திரம் தாங்காமல், "அப்போ குறட்டை?" என்று கத்திவிட்டேன். கோஷாலின் மனைவி புருஷனைப் பார்த்து, "அதை முதல்ல எழுதுங்க" என்றாள். அத்தனையும் நிறைவேறியது. முன்மொழிந்தவர், நிருபம் பாக்சி.

மறுநாளிலிருந்து கோஷாலுக்குப் படுக்கை மொட்டைமாடியில். எதிர்வீட்டு மித்ராவின் மனைவி சங்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்து, "நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஷெஃபாலியோ, "சும்மா இருந்திருந்தா கருவாடு மட்டும் போயிருக்கும். எனக்காகப் பேசி, மொத்தக் கட்டடத்தையும் எனக்கு எதிரியாக்கிட்டீங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். வெறும் சோற்றுக்கு உருளைக்கிழங்கை மசித்துத் தின்கிறேன், தாதா. வீடு வெறிச்சென்று இருக்கிறது. எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பிவையுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விலகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நிருபம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கோஷால் வந்தார். உடம்பெல்லாம் கொசுக்கடித் தடிப்பு. "எல்லாத் தடையையும் எடுத்தாச்சுங்க. உங்க வீட்டம்மாவை வரச் சொல்லுங்க, கருவாடும் சமைக்கட்டும்" என்றார். "கூட்டம் போட்டீங்களா? எனக்குச் சொல்லவே இல்லையே, வந்து ஆதரிச்சுப் பேசியிருப்பேனே!" என்றேன்.

"அந்தப் பயத்துலதான் சார் சொல்லல" என்றார்.