சந்தன கலர் டெலிபோன்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு குறை தெரியும். அதைச் சரிசெய்ய ஒரு வழியும் தெரியும். யாரும் கேட்காமலே அந்த வழியைச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் கல்யாணம் நிச்சயமானது.

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் லோடுமேன். கெமிக்கல் கேன்களை லாரியில் ஏற்றுவார். டீக்கடையில் அவர் அடிக்கும் ஒரே பெருமை இதுதான்: "நான் தூக்குற கேனுக்குள்ள என்னா இருக்குன்னு எம்புள்ளைக்குத் தெரியும்." (தெரியாது. லேபிளைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.)

பெண் வீடு சிதம்பரம். பெண்ணின் அப்பா டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்து ஷோகேஸில் மற்றவர்கள் பொம்மையும் கோப்பையும் வைப்பார்கள். மாமா பழைய டயல் போன்களை வைத்திருந்தார். கன்னங்கரேலென்று நான்கு. நடுவில், தனியாக ஒரு சின்ன பலகை மேல், ஐந்தாவது. அது மட்டும் வெயிலில் கிடந்த பல் போல மஞ்சளாக இருந்தது.

எனக்குள் கெமிஸ்ட்ரி எழுந்து உட்கார்ந்தது. வெள்ளை பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டால் பழுத்து மஞ்சளாகிவிடும். அதை மறுபடி வெள்ளையாக்குவது எப்படி என்று வீடியோவே பார்த்திருந்தேன்.

"மாமா, இத நான் எடுத்துட்டுப் போயி சுத்தம் பண்ணித் தரட்டுமா?"

மாமா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எதுக்கு மாப்ள, துணியில தொடச்சா போதுமே..." என்று இழுத்தார். அத்தை உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினார். மாப்பிள்ளை ஒன்று கேட்டு இல்லையென்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாமா போனை ஒரு துண்டில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். கடலூரில் எங்கள் வீடு வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

பார்லர்களில் முடியை வெளுக்க ஒரு க்ரீம் போடுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தது. அதைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் இறுக்கச் சுற்றி, வெயிலில் வைக்க வேண்டும். கடலூர் வெயிலைப் பற்றிக் கவலையில்லை.

பூசுவதற்கு முன் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைப் பிரித்தேன். உள்பக்கமும் அதே மஞ்சள். வெளிச்சமே படாத உள்பக்கம் எப்படி மஞ்சளாகும்? சுமாரான மூளை உள்ளவன் அந்த இடத்தில் நின்றிருப்பான். நான், 'அடப்பாவமே, நோய் உள்வரைக்கும் பரவியிருக்கு' என்று நினைத்து, உள்பக்கமும் பூசினேன்.

மொட்டை மாடியில் அம்மா மிளகாய் காயவைத்திருந்தாள். அதன் பக்கத்தில் போனை வைத்தேன்.

"என்னாடா இது, பொணத்த சுத்துன மாதிரி சுத்தி வச்சிருக்க?"

"கெமிஸ்ட்ரிம்மா."

"அந்த எழவ மொளகாய விட்டுத் தள்ளி வை."

ஒரு நாளில் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். சரியாக வெளுக்கவில்லையே என்று நான் நான்கு நாள் வைத்தேன். ஐந்தாம் நாள் போன் வெள்ளையாகிவிட்டது. முழுக்க அல்ல. க்ரீம் தடிமனாக இருந்த இடம் சுண்ணாம்பு, மெலிசாக இருந்த இடம் மோர், தாள் மடிந்த இடமெல்லாம் வரிவரியாகக் கோடு. தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது. எனக்கு அது சலவைக்கல் மாதிரி தெரிந்தது. (பெற்றவனுக்குத் தன் பிள்ளை அழகு.)

சும்மா கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் நாலு சுவருக்குள் போயிருக்கும். நான் அதை நிச்சயதார்த்தத் தட்டில் வைத்தேன். தேங்காய், பழம், புடவை, பூ என்று வரிசையாக வந்த தட்டுகளின் கடைசியில், ரிப்பன் கட்டிய டெலிபோன். எங்கள் சித்தி அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். முன்வரிசையில் மாமாவோடு வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா தட்டையே பார்த்தார். "இது யாரு போனு?"

"உங்களுதுதான் மாமா! மஞ்சளாயிடுச்சில்ல, நாலு நாள் வெயில்ல வச்சு வெள்ளையாக்கிட்டேன்."

முன்வரிசையில், புவனகிரியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தே விட்டார். "யோவ், அது சந்தன கலர் போனுய்யா! ஆபீசருங்க மேசையில மட்டும் இருக்கும். நாங்க கம்பம் ஏறுனவங்க, எங்களுக்கெல்லாம் கறுப்புதான். இவரு ரிடையர் ஆவறப்ப, என்னா வேணும்னு கேட்டாங்க. மோதிரம் வேணாம், அந்த சந்தன கலர் போனு குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாரு."

மாமா மெதுவாகச் சொன்னார்: "வாங்கறப்பவே அந்தக் கலருதான் மாப்ள."

அந்த நேரத்தில் மண்டபத்தின் மின்விசிறி ஒவ்வொன்றும் சுற்றுகிற சத்தம் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா எழுந்தார். அன்றைக்கென்று வாங்கிய சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. எல்லார் முன்னாலும் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. இவனப் பத்தி நான்தான் ஜாஸ்தி பேசிட்டேன்."

இன்றைக்கும் இதை எழுதும்போது காது சுடுகிறது. கேன் தூக்கித் தழும்பான அந்த இரண்டு கையும் எனக்காக அப்படிச் சேர்ந்ததை வேறெப்போதும் நான் பார்த்ததில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நின்றால் நியாயம் என்றும் நினைத்தேன்.

மாமா டயலில் விரலை விட்டு ஒன்பதைச் சுற்றி விட்டார். அது கர்ரென்று திரும்பி வந்து நின்றது. "சுத்துது," என்றார். பிறகு அப்பாவின் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். "உக்காருங்க சம்பந்தி. கலருதான போச்சு."

அப்போதுதான் மணப்பெண் பவித்ரா, குனிந்த தலை நிமிராமலே, ஆனால் முன்வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அப்பா, எனக்கு மஞ்ச தேச்சி நலங்கு வெக்கறப்ப மட்டும் இவர தள்ளி நிக்கச் சொல்லுங்க."

மண்டபமே சிரித்தது. தட்டு மாற்றினார்கள்.

போன் இன்னும் சிதம்பரம் ஷோகேஸில், அதே பலகை மேல்தான் இருக்கிறது. தேமல் குறைந்த பக்கத்தை வெளியே காட்டி மாமா திருப்பி வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்குப் போனால் நான் ஷோகேஸுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

போன வருஷம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கொஞ்சம் மஞ்சளா இருக்கு. பயப்படாதீங்க, ரெண்டு நாள் லைட்டுல வெச்சா சரியாயிடும்," என்றார். லைட் இருக்கிற அறைக்குக் குழந்தையை நானே தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டுக் கையை நீட்டினேன்.

மாமா நடுவில் வந்து நின்றார்.

"வேணாம் டாக்டரம்மா. நீங்களே வெச்சிக்குங்க. இவருகிட்ட குடுத்தா நாலு நாள் வெப்பாரு."

மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொன்னது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.