என் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு வகை உண்டு. பயம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஒரு வகை. பயம் வந்ததும் போன் ஸ்பீக்கரை ஆன் செய்து, ரோட்டில் போகிறவர்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. (முதல் வகையாக இருந்திருந்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை என்று ஒன்று இருந்திருக்கும்.)

செஞ்சிக் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடை என்னுடையது. சுற்றுப்பட்டுக் கிணறுகளில் புகைந்துபோன மோட்டார்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். காயில் கட்டி முடிக்கும்வரை, மோட்டாரைக் கொண்டுவந்தவர்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? அதற்காகவே ஒரு வீரக்கதை வைத்திருந்தேன். ராஜகிரிக் கோட்டை மேலே, மரப்பாலத்தில், என் சின்ன மகளின் சாப்பாட்டுப் பையைப் பிடுங்க வந்த கடுவன் குரங்கை நான் தனி ஆளாக நின்று விரட்டிய கதை. சொல்லும்போது எழுந்து நின்று நடித்தும் காட்டுவேன். வருஷா வருஷம் அந்தக் குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, கடைசியில் மனுஷக் குரங்கு அளவுக்கு வந்திருந்தது.

அந்தச் சின்ன மகள் தேன்மொழி பிளஸ் டூ முடித்துவிட்டு ஒருநாள் வந்து நின்றாள்.

"நைனா, நான் சைபர் செக்யூரிட்டி படிக்கப் போறேன்."

எங்கள் காலத்தில் சைபர் என்றால் முட்டை. கணக்கு வாத்தியார் என் பேப்பரில் தவறாமல் போட்டுக் கொடுப்பது. அதற்குப் போய் செக்யூரிட்டி எதற்கு, யார் திருடப் போகிறார்கள் என்று குழம்பினேன். பெஞ்சில் இருந்த பனமலை ஏகாம்பரம் அண்ணன் அதைவிடக் குழம்பினார்.

"ஏம்பா, ஏடிஎம் வாசல்ல குந்திகினு இருக்கிறவரு எட்டாவதுதான் படிச்சிருக்காரு. இதுக்குப் போயி நாலு வருஷம் இன்ஜினியரிங்கா?"

தேன்மொழி பொறுமையாக விளக்கினாள். நெட்வொர்க்கை எப்படிக் காப்பது, தகவலை எப்படிப் பூட்டுவது, திருடன் மாதிரியே யோசித்து ஓட்டையை முன்கூட்டியே கண்டுபிடிப்பது, திருட்டு நடந்தபின் தடயம் எடுப்பது, இதெல்லாம் பாடமாம். வேலையும் நிறைய இருக்கிறதாம். நான் புரிந்தது மாதிரி தலையாட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. காலேஜில் சேருவதற்கு முன்பே முதல் மாணவனாக என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லாதே."

"சரிம்மா."

"பேங்க்லேர்ந்து கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"போலீஸ்னு சொல்லிக் கேட்டா?"

கொஞ்சம் யோசித்தேன். முறைத்தாள். "சொல்லவே மாட்டேன்."

"நானே கேட்டாலும் சொல்லாதே. இப்பல்லாம் குரலையே அச்சு அசலா செய்றானுங்க. அழுவுற மாதிரி கூடப் பேசுவானுங்க. ஏமாந்துடாதே."

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் அதுதான். என் கேடு காலம், அதை மறக்கவும் இல்லை.

கவுன்சிலிங்கில் அவள் கேட்ட படிப்பே, கேட்ட காலேஜிலேயே கிடைத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் சம்மதம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சீட் போய்விடும். எங்கள் வீட்டில் இன்டர்நெட் நடக்கும். திண்டிவனத்தில் அவள் பெரியம்மா வீட்டில்தான் ஓடும். அதனால் காலை பஸ்ஸிலேயே அங்கே போய்விட்டாள். பதிவு செய்திருந்ததோ என் போன் நம்பர். ஓடிபி வந்தால் அவள் போனில் கேட்பாள், நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. ஒரு மோட்டார் மெக்கானிக்கால் கெடுக்க முடியாத வேலை என்று எல்லோரும் நம்பினோம்.

நாலு மணி தாண்டியதும் செய்தி வந்தது. ஆறு எண்கள். கீழேயே, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போட்டிருந்தது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நைனா, நான்தான். ஓடிபி வந்துச்சா? சீக்கிரம் சொல்லு."

குரல் அச்சு அசல் என் மகள். "இது யார் நம்பரு?"

"என் போனு பக்கெட் தண்ணில வுழுந்துடுச்சு நைனா. பெரியம்மா வெளிய போயிருக்காங்க. மாடி வீட்டு அக்கா போன்லேர்ந்து பேசுறேன். டைம் ஆவுது!" என்று அழுகிற குரலில் சொன்னாள்.

அவசரம். தெரியாத நம்பர். அழுகிற குரல். பாடத்தில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. டக்கென்று கட் செய்துவிட்டு அவளுடைய நம்பருக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

"அண்ணே! பொண்ணு போனைப் பிடுங்கிட்டானுங்கண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் ஏகாம்பரம் அண்ணன் மடியில் இருந்த மோட்டார் மூடி உருண்டு ரோட்டுக்கே போய்விட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள்.

மறுபடி போன். இந்த முறை என் மனைவி செல்வியின் நம்பர்.

"இன்னாங்க, பாப்பா எனக்குப் போன் பண்ணி அழுவுது. அந்த நம்பரைச் சொல்லித் தொலையுங்களேன்!"

நான் ஆடிப்போய்விட்டேன். இவளையும் ஹேக் செய்துவிட்டார்கள்!

"நீ யாரு?" என்றேன் கம்பீரமாக.

"நான் யாரா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எந்தப் புருஷனும் கேட்கக் கூடாத கேள்வி அது என்று இப்போது தெரிகிறது.

"அங்கியே இருய்யா. வர்றேன்." போன் கட்டானது.

"திட்டுறதைக் கூட அப்படியே செய்றானுங்கண்ணே," என்று வியந்தேன். "டெக்னாலஜி எங்கேயோ போயிடுச்சு."

மறுபடி அந்தத் தெரியாத நம்பர். இந்தத் தடவை திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பெஞ்சின் நடுவில் வைத்தேன். கூட்டம் குனிந்தது.

"என் பொண்ணுன்னா, நம்ம வீட்டு நாய் பேரு சொல்லு பாக்கலாம்."

"டைகர்! நைனா, விளையாடாதே, மணி இன்னா தெரியுமா?"

எனக்கு லேசாக மனம் இளகியது. ஏகாம்பரம் அண்ணன் விடவில்லை. "எங்க வூட்டு நாயும் டைகருதான். வேற கேளு."

"எனக்குப் பிடிச்ச கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு!"

"செஞ்சியில அது யாருக்குப் பிடிக்காது?" என்றது கூட்டம்.

"அப்ப, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லு," என்றேன்.

"ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?"

"ஆமா. சாட்சிக்கு ஆள் இருக்காங்க."

"வேணாம் நைனா. ஸ்பீக்கரை நிறுத்து, சொல்றேன்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! மாட்டிக்கிட்டான்!" நான் எழுந்து நின்று தொடையைத் தட்டினேன். "தைரியம் இருந்தா எல்லார் எதிர்லயும் சொல்றா!"

மகளுக்குப் பொறுமை போயிற்று. கடைத்தெருவே அதிர்கிற மாதிரிக் கத்தினாள்.

"ராஜகிரி மேல மரப்பாலத்துல குரங்கு வந்தப்ப நீ என் பின்னால ஒளிஞ்சுகினே! கையெடுத்துக் கும்புட்டு, 'சார், சார், சாப்பாடு பாப்பாகிட்டதான் சார் இருக்குது'ன்னு என்னைக் காட்டிக் குடுத்தே! அம்மாகிட்ட சொல்லாதேன்னு குச்சி ஐஸ் வாங்கித் தந்தே! போதுமா?"

டீ கிளாஸ் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவதான்," என்றேன் மெல்ல. "என் பொண்ணுதான்."

"குரங்கை சார்னா கூப்பிட்டே?" என்றார் ஏகாம்பரம் அண்ணன். அந்தக் கதையை என்னிடம் அதிக தடவை கேட்டவர் அவர்தான். ஏமாற்றத்தில் அவர் முகமே சுருங்கிவிட்டது.

திரும்பினேன். பின்னால் ஸ்கூட்டி. ஸ்கூட்டி மேல் செல்வி. எப்போது வந்தாள் என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் முதல் 'சார்' வந்ததிலிருந்தே கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

அதற்குள் பழைய ஓடிபி காலாவதியாகியிருந்தது. தேன்மொழி புதிதாக அனுப்ப வைத்தாள். செய்தி வந்தது. அதைத் தொடப்போய், போனை கட் செய்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டால், அவசரத்தில் நான் பேசியது மோட்டாருக்குக் காப்பர் கம்பி சப்ளை செய்கிறவரிடம். அவருக்கு நாலு எண்களை ஒப்பித்தும் விட்டேன். செல்வி போனைப் பிடுங்கினாள். மகளைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு எண்ணாக, ஒவ்வொரு எண்ணுக்கும் என்னை ஒரு முறை முறைத்தபடி, சொல்லி முடித்தாள்.

"வந்துடுச்சும்மா! சீட் கன்ஃபர்ம்!" என்று மறுமுனையில் கூச்சல். எதிர்க்கடைக் கடிகாரத்தில் ஐந்து ஆக ஒரு முள் நகர்வுதான் பாக்கி. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். செல்வி பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது தேன்மொழி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். முதல் நாள் வகுப்பிலேயே என் கதையைச் சொல்லிவிட்டாளாம். உன் அப்பா செய்தது அத்தனையும் பாடப்படி சரிதான், ஸ்பீக்கர் மட்டும்தான் தப்பு என்று அவர்கள் மேடமே சொன்னார்களாம். (இதை மட்டும் கடையில் நான் தவறாமல் சொல்கிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை.) பெஞ்சுக்கு வருகிறவர்கள் இப்போது என்னை மரியாதையாக "சார்" என்று கூப்பிட்டு, உடனே கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

போன லீவுக்கு வந்தவள், குரலைத் திருடி ஏமாற்றுவது அதிகமாகிவிட்டது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரகசியக் கேள்வி வேண்டும் என்றாள்.

"நமக்குத்தான் இருக்குதே," என்றேன். "குரங்கை இன்னான்னு கூப்பிட்டேன்?"

"நைனா, அது சீயமங்கலம் வரைக்கும் தெரியும். பாஸ்வேர்டு லீக் ஆனா உடனே மாத்தணும். யாருக்கும் தெரியாத மாதிரி புதுசா ஒரு அவமானம் பண்ணு."

நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் சமையலறையிலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"புதுசா எதுக்குடி? என்கிட்ட ஸ்டாக் இருக்குது. நாலு வருஷத்துக்குத் தாங்கும்."