ஆணி அக்கா ஓட்டை போட்ட கேன்கள்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஓட்டை விழாத காலிப் பூச்சிமருந்து கேன் ஒன்று இருந்தால், அது ஆணி அக்காவின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. பைக்குள் பைபிள், சாப்பாட்டு டப்பா, சுத்தியல், விரல் நீள ஆணி.

நான் அன்றும் இன்றும் உரக்கடை சேல்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்.

"காலி கேனைத் திருப்பி வாங்கி, ஓட்டை போட்டு, கம்பெனிக்கே அனுப்புங்க அண்ணாச்சி."

"விக்கிறதோட நம்ம சோலி முடிஞ்சுது தாயி," என்பார் முதலாளி.

"எந்தங்கச்சி களையெடுக்கப் போன எடத்துல அந்தக் கேன்லதான் தண்ணி வச்சிருந்தாவ. குடிச்சிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தா. பொழச்சதே பெருசு. கழுவித்தான் வச்சாவளாம்!"

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். முதலாளி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் காலடியில் மருந்து கேனோடு உட்கார்ந்திருந்தார். அக்கா பார்த்தார், கேனில் ஆணியை வைத்து அடித்தார். உள்ளே இருந்தது நல்லெண்ணெய். கண்டக்டர் விசில் ஊதியபடியே படிக்கட்டு வரை சறுக்கிப் போனார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? மகளுக்குன்னு ஆட்டின எண்ணெ!"

"மகளுக்கு இதுலயா கொண்டு போவிய? எறங்குங்க, தகர டின்னும் எண்ணெயும் நானே வாங்கித் தாரேன்."

சொன்னபடியே வாங்கியும் கொடுத்தார்.

பிறகு முதலாளி மகளின் கல்யாணம் வந்தது. பத்திரிகை வைக்காவிட்டால் மண்டப வாசலிலேயே நின்றுவிடுவார் என்று பயந்து, முதலாளி அக்காவையும் அழைத்திருந்தார். பந்தியில் மோர் ஊற்றப் பாத்திரம் போதவில்லை என்று சமையல்காரர் கத்தினார். எனக்கு அறிவு பொங்கியது. கடைக்கு ஓடினேன். சில்லறையாக ஊற்றி விற்றுக் காலியான ஒரு கேனை எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, லேபிளைக் கிழித்துக் கொடுத்தேன். பூச்சிமருந்து கேனுக்கே உரிய சிவப்பு மூடியை மாற்ற மறந்துவிட்டேன்.

மணப்பெண் டம்ளரை நீட்டினாள். மோர் விழுந்தது. அவள் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அக்கா டம்ளரைத் தட்டிவிட்டு, கேனைப் பிடுங்கித் தரையில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். சம்பந்தி வீட்டுப் பட்டு வேட்டி ஒன்றுகூடத் தப்பவில்லை.

"யாருய்யா இவள உள்ள விட்டது?" என்று முதலாளி பாய்ந்து வந்தார்.

அக்கா மூடியை அவர் கையில் வைத்தார். "நம்ம கடைச் சரக்குதான் அண்ணாச்சி. செத்த மோந்து பாருங்க."

முகர்ந்தார். மகளைப் பார்த்தார். இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுவாரமே கடை வாசலில் பெரிய டிரம் ஒன்று வந்தது. காலி கேனைக் கொடுத்தால்தான் புது கேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். முதலில் முனகினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பக்கத்துக் கடைகளும் டிரம் வைத்தன. இப்போது களையெடுக்கும் பெண்களே வயக்காட்டில் ஓட்டை போட்டு அனுப்புகிறார்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீர் எவர்சில்வர் குடத்தில் வருகிறது.

போன மாதம் அக்கா வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாக் கேனிலும் ஓட்டை. "நல்லதுதான தம்பி," என்று சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது.

அன்றிலிருந்து ஒரே ஒரு கேனை மட்டும் ஓட்டை போடாமல் அலமாரியில் பூட்டி வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து அடிப்பதற்காக.