மெல்ல சாரும் செட்டுக்காரர் கையும்

உலகத்திலேயே மெதுவாக விசில் ஊதிய ஒரே பி.டி. வாத்தியார் எங்கள் திண்டுக்கல்லில்தான் இருந்தார். சந்தேகம் இருந்தால் அவரிடம் ஓட்டப்பந்தயம் ஓடியவர்களைக் கேளுங்கள். பாதிப் பேர் எல்லைக்கோட்டைத் தொட்ட பிறகுதான் மீதிப் பேருக்குப் பந்தயம் தொடங்கியதே தெரியவரும்.

பெயர் என்னவோ இருந்தது. ஊருக்கு அவர் ‘மெல்ல சார்’. பரோட்டாக் கடையில் கொத்து போடுகிறவரிடம் போய், “அப்பு, எடுத்த எடுப்புலயே இப்பிடி அடிச்சா எப்பிடி? மெல்ல ஆரம்பி. முட்டை விழும்போது கூட்டு. கடைசில கொறச்சிரு” என்பார். கரண்டிகள் அந்தரத்தில் நிற்க, மாஸ்டர் முதலாளியைப் பார்ப்பார். பஸ்ஸில் ஹாரன் அடித்தால் டிரைவர் பக்கத்தில் போய் நின்று, கையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டுவார். வீட்டில் சண்டை என்றாலும் மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்குவாராம். “அவுக எறங்குறதுக்குள்ள நான் தூங்கிருவேன் தம்பி” என்று அவர் சம்சாரமே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

காரணம் வேறொன்றுமில்லை. சாருடைய உயிர் விளையாட்டு மைதானத்தில் இல்லை, சர்ச்சில் அவர் நடத்திய பாடகர் குழுவில் இருந்தது.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் பாயின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வாத்தியார் என்றாலே ஒரு மிரட்சி. கம்ப்யூட்டர் என்றாலும் அப்படித்தான். தப்பான பட்டனைத் தட்டினால் புகை வந்துவிடும் என்ற பயம் எனக்குக் கடைசிவரை போகவில்லை. இந்த லட்சணத்தில் ஒருநாள் மெல்ல சார் கடைக்குள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். சர்ச்சில் ஆர்கன் வாசித்தவருக்கு பேங்க் வேலையில் மாற்றலாகிவிட்டது. சாருக்கு இசையைக் கோடு போட்டு எழுதத் தெரியும், வாசிக்க வராது. “தானே தாளம் போடுற கீபோர்டு ஒண்ணு வாங்கிருவோம் சார். பட்டனைத் தட்டுனா டும் டும்னு பிச்சிரும்” என்றிருக்கிறார் ஃபாதர். சாருக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஈஸ்டருக்கு மட்டும் கம்ப்யூட்டரில் இசை செய்து சிடியாகக் கொண்டுவருகிறேன், சரிவராவிட்டால் கீபோர்டு வரட்டும், நான் குழுவை விட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சிக் கேட்டு வந்திருந்தார்.

சொந்தக்காரர் கொடுத்த ஒரு மென்பொருளில் ஒவ்வொரு சுரமாகக் கோட்டில் ஏற்றினார். இயேசுவின் கல்லறையில் விடியற்காலை, மூச்சுவிடுகிற மாதிரி தொடங்குகிறது பாட்டு. போகப் போகப் பெருகி, வாசலை அடைத்த கல் உருளும்போது இடி இடிக்க வேண்டும். எங்கே மெல்ல, எங்கே பலமாக என்று ஒவ்வொரு வரிக்குக் கீழும் குறி போட்டிருந்தார். திரையில் ஓடவிட்டால் குறிப்படி அழகாகத்தான் வந்தது. ஆடியோவாக வெளியே எடுத்து சிடி போட்டால், முதலிலிருந்து கடைசிவரை ஒரே சத்தம்.

“ஏலே, பாட்டு ஆரம்பிக்கும்போதே கல்லறை தொறந்து கெடக்குதேடா!” என்றார் சார்.

தேடிப் பார்த்ததில் அது பாயின் வழக்கம் என்று தெரிந்தது. எங்கள் கடையிலிருந்து எந்தப் பாட்டு வெளியே போனாலும், மெல்ல வருவதைத் தூக்கி, பலமாக வருவதை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும் ஒரு கட்டத்தில் டிக் போட்டு வைத்திருந்தார். “அரே, நம்மகிட்ட வர்றது பூரா கல்யாணத்துக்கு மைக்செட்டு போடுறவங்க. ஒரு எடத்துல சத்தம் கொறஞ்சாலும் சிடியத் திருப்பிக் கொண்டாந்துருவாங்க. டிக்குல கைய வச்ச, அவ்வளவுதான்!” என்று என்னை மிரட்டினார்.

சார் அவரிடம் போய், தன் வழக்கப்படி மெல்லிய குரலில் அனுமதி கேட்டார். கேட்டது பாய் காதில் விழவில்லை. விழவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, தலையை மட்டும் ஆட்டினார். அது போதும் என்று டிக்கை எடுத்தேன்.

புது சிடியைப் போட்டதும் பாய் காதைத் தீட்டிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். “என்னப்பா, காலி சிடிய ஓட்டுற?” என்று டீயை வாய்க்குக் கொண்டுபோன நேரம், கல் உருண்டது. “யா அல்லா!” டீ சட்டையில்.

“இப்பத்தான் சரி” என்றார் சார், பூரிப்போடு.

ஆனால் சனிக்கிழமை ஒத்திகையில் பாட்டு மறுபடியும் ஒரே மட்டம்! சர்ச்சுக்கு ஒலிபெருக்கி வைக்கும் செட்டு ஆரோக்கியம் அண்ணனின் கை, சத்தம் திருகும் குமிழை விட்டு நகரவே நகராது. மெல்ல வந்தால் ஏற்றினார், ஏறினால் இறக்கினார். பாயின் டிக் செய்த வேலையை இவருடைய விரல்கள் செய்தன.

“அண்ணே, கைய எடுங்க” என்றார் சார்.

“கைய எடுத்துட்டா செட்டுக்காரன் எதுக்கு சார்? கல்யாணம், காதுகுத்து, கருமாதி, அம்புட்டுக்கும் இந்தக் கைதான்!”

பாடகர்களை நடத்த வேண்டிய சார், குமிழுக்குக் காவல் நிற்க முடியாது. என்னைப் பார்த்தார்.

“சார், எனக்குக் கூட்டம்னாலே படபடன்னு வரும்.”

“கூட்டத்தப் பாக்காத. அவர் கையப் பாரு.”

ஈஸ்டர் காலை. ஒரு சிடி, அதற்கு உபரியாக ஒன்று, உபரிக்கும் உபரியாக ஒன்று என்று மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சார் கையைத் தூக்கினார். பாட்டு தொடங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசை திரும்பி எங்களைப் பார்த்தது. ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்தார். அண்ணன் கை குமிழுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுறா, மானம் போகுது!”

“செத்த நேரம் பொறுங்கண்ணே.”

“ஒண்ணுமே கேக்கலடா.”

“கேக்கும்ணே” என்றேன். எனக்கும் கேட்கவில்லை. கரண்ட் போய்விட்டதோ, மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு சிடியைப் போட்டுவிட்டேனோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சர்ச்சில் இருமல்கள் நின்றன. ஒரு அம்மா அழுத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். என்னமோ கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று எல்லோரும் சற்று முன்னால் சாய்ந்தார்கள். அந்த அமைதிக்குள் வயலின் வந்தது. மூச்சுபோலப் பாடகர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஏறியது, இன்னும் ஏறியது. குமிழை இறக்க அண்ணன் திமிற, நான் விடவில்லை. கல் உருண்டபோது வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன. அண்ணன் திமிறுவதை நிறுத்திவிட்டு, “முடி எந்திரிச்சு நிக்குது பாருடா” என்று நான் பிடித்திருந்த கையையே எனக்குக் காட்டினார்.

பூசை முடிந்து ஃபாதர் சாரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “கீபோர்ட அப்பறம் பாத்துக்குவோம் சார்.” சார் அந்தக் குழுவில் இருந்தவரை அந்த ‘அப்பறம்’ வரவேயில்லை.

இப்போது அவர் ஒட்டன்சத்திரம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். குரல் முன்னைவிட இறங்கிவிட்டது, பாதிதான் கேட்கும். என் போனில் சத்தத்தைக் கூட்டுகிற பட்டன் இருக்கிறது. அவர் பேசும்போது மட்டும் நான் அதைத் தொடுவதில்லை. காதை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொள்வேன்.