நம்பர் இல்லாத பவுடர் டப்பா

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே எந்தப் பொருளையும் நேராக வைத்துப் பார்க்காத ஒரே மனிதர், எங்கள் லைன் வீட்டில் பக்கத்து போர்ஷனில் இருந்த முக்கோணம் அண்ணன்தான். எது கையில் கிடைத்தாலும் முதலில் கவிழ்ப்பார். அடியில் பிளாஸ்டிக் ரகத்தைச் சொல்லும் அம்புக்குறி முக்கோணமும் அதற்குள் ஒரு நம்பரும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலையே வரும்.

பெயிண்ட் பக்கெட் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. தண்ணீர் பாட்டில் ஒன்று, ஷாம்பு பாட்டில் இரண்டு, தயிர் டப்பா ஐந்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு வளைகாப்புப் பந்தியில், மூடி இல்லை என்பதை மறந்து தயிர் டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். மொத்தத் தயிரும் பெண்ணின் மாமனார் மடியில். அண்ணன் அசரவே இல்லை. "அஞ்சுதான் சார். நல்ல மால்" என்றார்.

எங்கள் லைன் வீட்டுக் காலி டப்பாக்கள் எல்லாம் அவருக்கே சொந்தம். பின்பக்கம் ஆணியில் மாட்டியிருக்கும் பைகளை அவரே எடுத்துப்போய், கழுவி, காயவைத்து, நம்பர் வாரியாக மூட்டை கட்டுவார். கொடியில் என் மனைவி செல்வியின் புடவைக்குப் பக்கத்தில் பால் பாக்கெட்டுகள் கிளிப் போட்டுத் தொங்கும்.

"இந்த ஆளோட ஒரே பேஜாரா கீதுப்பா" என்று தினமும் திட்டுவாள்.

என் தங்கை கல்யாணம் நெருங்கிவிட்ட சமயம். பத்திரிகை வைக்கப் பள்ளிப்பட்டு போனோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருட்டுப் பயம். செல்வி என்னிடம்கூடச் சொல்லாமல், தங்கைக்கு வாங்கிய கல்யாணச் சங்கிலியைப் பஞ்சில் சுற்றி, காலி பவுடர் டப்பாவில் போட்டு, அதைப் பின்பக்கப் பைக்குள் வைத்துவிட்டாள். திருடன் குப்பையைத் தொடமாட்டான் என்பது அவள் கணக்கு. குப்பையை மட்டுமே தொடுகிற ஒருவர் பக்கத்து வீட்டில் இருப்பதை மறந்துபோனாள்.

மறுநாள் சாயங்காலம் திரும்பினால் ஆணியில் பை இல்லை. அப்போதுதான் செல்வி விஷயத்தைச் சொன்னாள். சங்கிலி இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? இருவரும் ஓடினோம்.

"அண்ணே, எங்கூட்டுப் பை இன்னா ஆச்சு?"

"காலைலயே வேன் வந்து மூட்டையெல்லாம் தூக்கிக்கினு போய்ட்சேம்மா. புதுவாயல் கம்பெனில இந்நேரம் அரைச்சுத் தூளாக்கியிருப்பான்."

செல்வி ஓவென்று அழுதாள். "அதுல ஒரு ரோஸ் கலர் பவுடர் டப்பா, அண்ணே..."

அண்ணன் முகம் மாறியது. "அதுவா? நானே கேக்கணும்னு இருந்தேன். அதுல நம்பரே இல்லியேம்மா! எந்த மூட்டையில போடுறது? கழுவக்கூட மனசு வரல. கட்டிலுக்கு அடியில வச்சிக்கினு பேஜாராயிட்டேன்."

அவர் நீட்டுவதற்குள் செல்வி பிடுங்கித் திறந்தாள். பஞ்சுக்குள் சங்கிலி பத்திரமாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் சங்கிலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இனிமே நம்பர் பாத்து வாங்கும்மா" என்றார் கோபமாக.

"மாட்டேண்ணே, நம்பர் இல்லாததாப் பாத்துதான் வாங்குவேன்" என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போது நாங்கள் திருவள்ளூருக்குக் குடிவந்துவிட்டோம். அவருடைய நிஜப் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது செல்வி முதலில் "முக்கோணம்" என்பாள். குருக்கள் திருதிருவென்று விழித்து நட்சத்திரம் கேட்பார்.

"அதெல்லாம் தெரியாது சாமி. எங்க இருந்தாலும் அவரு நல்லா இருக்கணும். அவ்ளோதான்."