தராசண்ணன் கடையில் சீனி இல்லை

வாடிக்கையாளரைப் பயமுறுத்தியே பிழைப்பு நடத்திய ஒரே மனிதரைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்தான் பெற்றிருந்தது. காப்பிக்கடையில் காப்பி போடும் தராசண்ணன் என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். நிஜப் பெயர் எனக்கும் தெரியாது. காப்பிக்கொட்டை, தண்ணீர், பால் எதையும் சின்ன மின்தராசில் நிறுக்காமல் தொடமாட்டார். ஒருநாள் என் மதியத் தோசையையும் நிறுத்துவிட்டு, "நேத்தைவிட மெலிஞ்சிருக்கு. தோசைக்கடைக்காரன்கிட்ட கேளு" என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அங்கே பகுதிநேர வேலை பார்த்தேன். கிள்ளானில் எங்கள் குடும்பத்திலேயே படித்த முதல் ஆள் நான்தான். விரிவுரையாளரையே மடக்கிக் கேள்வி கேட்பவள். ஆனால் தராசண்ணனுக்குக் கோப்பை கழுவிக் கொடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். சோப்பு வாசனை துளி இருந்தாலும் கோப்பை திரும்பி வந்துவிடும்.

அவர் காப்பியில் சீனிக்கு இடமில்லை. கேட்டால் விசாரணைதான். குடித்துப் பார்த்தீர்களா, குடிக்காமலே கசக்கும் என்று யார் சொன்னது, உங்களுக்கு யார் மேல் கோபம் என்று போகும். பங்சாரிலிருந்து வந்த ஒரு வக்கீல் வாதாடித் தோற்று, பாதிக் காப்பியோடு வெளியேறினார். சென்ட் பூசி வந்த ஓர் அம்மாவை, காப்பி வாசனை கெடுகிறது என்று வாசல் மேசைக்கு அனுப்பினார். அந்த அம்மா நேரே வீட்டுக்கே போய்விட்டார்.

எங்கள் கடையின் சொந்தக்காரர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆன்டி. அவருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அன்று கிட்டத்தட்ட கேட்கவே இல்லை.

"இனி ஒராள் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போனா, நீரும் பின்னாலயே போகலாம்."

அடுத்த சனிக்கிழமை, கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருக்கும் ஒரு முதலாளி மகளோடு வந்தார். மகளுக்குத் தன் கல்யாண விருந்தில் எங்கள் காப்பி வேண்டும். அப்பா ருசி பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஆன்டி கல்லாவில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தராசண்ணன் காலையிலிருந்து காப்பி அரைக்கும் இயந்திரத்தைத் திருகுவதும் முகர்வதுமாக இருந்தார்.

காப்பி வந்தது. முதலாளி ஒரு வாய் குடித்தார். கண்ணை இடுக்கினார்.

"பாஸ், சீனி இருக்கா?"

தராசண்ணனின் கழுத்து நரம்பு எழும்பியது. ஆன்டியைப் பார்த்தார், வாய்வரை வந்ததை விழுங்கினார்.

"ஆறட்டும் அங்கிள். ஆறுனா தன்னால இனிப்பு தெரியும்."

ஒரு கோப்பை ஆறுவதை ஐந்து பேர் சுற்றி இருந்து பார்த்ததுண்டா? நாங்கள் பார்த்தோம். முதலாளியின் கைப்பேசி அலறியது, அணைத்தார். மகள் நகத்தைக் கடித்தாள். நான் மின்விசிறியைக் கூட்டப் போனேன். ஆன்டி பார்த்த பார்வையில் திரும்பி வந்தேன். ஆவி நின்றது. முதலாளி எடுத்து உறிஞ்சினார்.

"இப்பவும் கசக்குதுலா."

நான் தராசண்ணன் பக்கம் குனிந்து, இந்தக் கொட்டையே அப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள் என்று கிசுகிசுத்தேன். தன் அம்மாவையே நான் திட்டிவிட்டதைப் போல அவர் என்னை முறைத்தார். ஒரு கரண்டி எடுத்து, அதே கோப்பையிலிருந்து சத்தமாக உறிஞ்சினார். முகம் விழுந்துவிட்டது.

"அங்கிள் சொல்றது சரி. கொட்டை மேல தப்பில்ல, தப்பு என்னோடது. பயத்துல ரொம்ப நைஸா அரைச்சிட்டேன், அதான் கசக்குது." ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே ஆன்டியிடம் சொன்னார், "நான் கெளம்பறேன் ஆன்டி. கொட்டையை மட்டும் வெயில்ல வச்சிடாதீங்க."

முதலாளி எழுந்திருக்கவில்லை.

"ஏம்பா, உக்காரு. எங்கிட்ட அத்தனை டிரைவர் இருக்கானுங்க. லோரியக் கொண்டுபோய் மரத்துல விடுவான், மரம் குறுக்க வந்துச்சும்பான். தப்பு என்னோடதுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல." கோப்பையைத் தள்ளி வைத்தார். "இன்னொன்னு போடு. கல்யாணத்துக்கு நீயே வரணும். ஆனா மேசையில சீனி இருக்கணும்."

தராசண்ணன் ஏப்ரனை நான்காக மடித்தார், பிறகு பிரித்தார். ஆன்டி முதல்முறையாகக் கைகளை அவிழ்த்தார். வேலை போவதைவிடச் சீனி வருவது தராசண்ணனுக்குப் பெரிய துக்கம் என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

"சரி அங்கிள்" என்றார், தன் சொத்தை எழுதிக் கொடுப்பவரைப் போல.

கிள்ளானில் அந்தக் கல்யாண மண்டபத்தில் காப்பி மேசைக்குக் கூட்டம் முண்டியது. எல்லாரும் சீனி டப்பாவைத்தான் முதலில் தேடினார்கள். ஒரு பெரியம்மா கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக் கலக்கினார். தராசண்ணன் தலை நிமிராமல், ஒவ்வொரு கோப்பையையும் நிறுத்து நிறுத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டப்பா அவர் கண்ணில் படாதபடி அதை மறைத்து நின்றேன். பந்தி முடியும்வரை சாப்பிடக்கூடப் போகவில்லை.